கடுகு வாயுவும் ஆண் ஈ இல்லாத குப்பிகளும்: சார்லட் ஆவர்பாக் என்ற மரபியலாளர்

மரபியல் பாடத்தைத் திறந்தால் மெண்டல், மோர்கன், முல்லர் என்று ஆண்களாகவே வருகிறார்கள்; பழ ஈயை வைத்து ஆராய்ந்த பெண் ஒருவரைப் பற்றி, வாழ்க்கையையும் வேலையையும் சேர்த்து விரிவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகமும்: வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தச் சின்ன ஈயை வைத்துக்கொண்டு மனிதருக்கு உதவும்படியாக என்னதான் கண்டுபிடித்துவிட முடியும்?

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன என்று 1905இல் மாவுப்புழு வண்டில் காட்டிய நெட்டி ஸ்டீவன்ஸ் ஈக்களையும் ஆராய்ந்தவர். மோர்கனின் மனைவி லிலியன், இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட ஈயைத் தாமே கண்டுபிடித்தவர். கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டுக்கு நோபல் பரிசே கிடைத்தது. நான் தேர்ந்தெடுப்பது இவர்களில் ஒருவரையும் அல்ல. எனக்குப் பிடித்தவர் சார்லட் ஆவர்பாக், நண்பர்களுக்கு லோட்டே. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இவருடைய வேலையைவிட நல்ல பதில் கிடையாது என்பது ஒரு காரணம். நாற்பது வயதுவரை ஒன்றும் சாதிக்காதவர் என்று எவரும் எழுதிவிடக்கூடிய வாழ்க்கை அவருடையது என்பது இன்னொரு காரணம்.

1899 மே 14 அன்று ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். அறிவியல் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. அப்பா வேதியியலாளர். பெரியப்பா இயற்பியலாளர். தாத்தா லியோபோல்ட் ஆவர்பாக் உடற்கூறியல் அறிஞர். குடற்சுவரின் தசைகளுக்கு நடுவே ஓடும் நரம்புப் பின்னலைக் கண்டவர். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை ஆவர்பாக் பின்னல் என்றே படிக்கிறார்கள். பேத்தி வுர்ட்ஸ்பர்க், ஃப்ரைபர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் உயிரியல் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறி, 1924இல் பள்ளி ஆசிரியையானார். ஹைடெல்பெர்க்கில் சில காலம், பிறகு பெர்லினில்.

வேலை பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு 1928இல் ஆராய்ச்சி ஆசை பிடித்தது. பெர்லின் புறநகரான டாலெமில் இருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில், கருவளர்ச்சியில் பெயர்பெற்ற ஓட்டோ மாங்கோல்டிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அது ஓராண்டுகூடச் சரியாக ஓடவில்லை. எடுத்துக்கொண்ட ஆய்வில் பயன் இல்லை, மாற்றிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டபோது, நீ என் மாணவி, சொன்னதைச் செய், நீ என்ன நினைக்கிறாய் என்பது இங்கே கணக்கில்லை என்ற பொருளில் பதில் வந்தது. லோட்டே எழுந்து வந்துவிட்டார். மறுபடியும் பள்ளிக்கூடம்.

இந்த மாங்கோல்டின் முதல் மனைவி ஹில்டே மாங்கோல்ட் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. நீர்ப்பல்லியின் கருவில் ஒரு சிறு துண்டை இடம் மாற்றி ஒட்டி, இரண்டாவது உடலையே உருவாக வைத்த அந்தப் புகழ்பெற்ற சோதனையைக் கைப்படச் செய்தவர் அவர். 1924இல் தீ விபத்தில் இளவயதில் இறந்துபோனார். அந்த வேலைக்கான நோபல் 1935இல் அவருடைய பேராசிரியர் ஸ்பேமானுக்குப் போனது. பாடப்புத்தகத்தில் பெண்களைக் காணோம் என்று கேட்டீர்களே, காணாமல் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

1933 ஏப்ரலில் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி வேலை போயிற்று. வயது 34, பட்டம் இல்லை, ஆய்வுக் கட்டுரை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் யோசனைப்படி நாட்டைவிட்டே கிளம்பினார். குடும்ப நண்பர்களான வேதியியலாளர்கள் சிலரின் சிபாரிசில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே விலங்கு மரபியல் நிறுவனத்தை நடத்திவந்த ஃப்ரான்சிஸ் க்ரூ, எங்கெங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். லோட்டேக்கும் ஒரு மேசை கிடைத்தது. பழ ஈயின் கால்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஆராய்ந்து 1935இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகும் சொற்பச் சம்பளத்தில் க்ரூவுக்கு உதவியாளர்தான். 1939இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. போர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கையில் காசில்லாமல் அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் ஹெர்மன் முல்லர் வருகிறார். 1927இல் எக்ஸ் கதிர் பாய்ச்சினால் பழ ஈயின் மரபணுக்கள் மாறுகின்றன என்று காட்டி உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர். டெக்சாஸிலிருந்து பெர்லின், அங்கிருந்து சோவியத் ஒன்றியம், அங்கே ஸ்டாலின் கால அரசியல் மரபியலை நெரிக்கத் தொடங்கியதும் ஸ்பெயின் வழியாக எடின்பரோ என்று அலைந்து வந்தவர். முல்லருக்குக் குரோமோசோம்களைப் பார்த்துக் கொடுக்க ஓர் ஆள் தேவை, நீ போ என்று க்ரூ லோட்டேயிடம் சொன்னார். அவர் தயங்கினார். வேலைக்கே உத்தரவாதம் இல்லாத அகதிப் பெண், எனக்கு அதில் நாட்டமில்லை என்று சொல்வது லேசான காரியமல்ல. மாங்கோல்டிடம் இருந்த அதே லோட்டேதான். ஆனால் எதிரே இருந்தவர் வேறு ஆள். ஈடுபாடு இல்லாதவர் எனக்காக வேலை செய்ய வேண்டாம் என்று முல்லர் விட்டுவிட்டார். உங்களுக்கு எதில் ஆர்வம் என்று கேட்டார். மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதில் என்றார் லோட்டே. அப்படியானால் மரபணுவைக் கெடுத்துப் பாருங்கள், கெட்டால் என்ன ஆகிறது என்று தெரிந்தால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது புரியும் என்று முல்லர் சொன்னதில் இவருடைய மீதி வாழ்நாள் அடங்கியது.

எதை வைத்துக் கெடுப்பது? கதிரால் முடியும் என்பது தெரியும். ஆனால் கதிர் குருட்டுத்தனமான சம்மட்டி. எங்கே விழும் என்று சொல்ல முடியாது. வேதிப்பொருள் ஒன்று மரபணுவை மாற்றுமானால், அந்த வேதிவினையின் வழியாக மரபணு எதனால் ஆனது என்பதையே பிடித்துவிடலாம் என்று அந்தக் காலத்தில் பலர் கனவு கண்டார்கள். டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. புரதம் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். பல ஊர்களில் பல மருந்துகளை ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தெளிவான பதில் ஒன்றும் வரவில்லை. லோட்டேயும் முதலில் புற்றுநோய் உண்டாக்கும் சில பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். பலனில்லை.

துப்பு மருந்தியல் துறையிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் கடுகு வாயு பட்டவர்களின் புண்கள் ஆறவே மாட்டா. ஆறியதுபோலிருந்து மறுபடி வெடிக்கும். எக்ஸ் கதிர் பட்ட புண்ணும் அப்படித்தான். பேராசிரியர் ஏ. ஜே. கிளார்க்கும் அவருடன் பணியாற்றிய ஜே. எம். ராப்சனும் இந்த ஒற்றுமையைக் கவனித்திருந்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் தாக்குகின்றனவோ, செல்லின் மரபுப் பொருளில்? அதைச் சொல்லக்கூடிய ஆள் தேவைப்பட்டது. ஈக்களும் எண்ணும் பொறுமையும் லோட்டேயிடம் இருந்தன. 1940 நவம்பரில் வேலை தொடங்கியது.

கடுகு வாயுவுக்கும் நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகுக்கும் வாசனையைத் தவிர உறவு எதுவும் இல்லை. கந்தகமும் குளோரினும் சேர்ந்த செயற்கை எண்ணெய் அது; ஆவியானால் தோலையும் கண்ணையும் நுரையீரலையும் வெந்துபோகச் செய்யும். 1917இல் பெல்ஜியத்தின் ஈப்ர அருகே ஜெர்மனி முதன்முதலாக இதை வீசியது. அதை ஆயுதமாக்கிய வேலை நடந்தது டாலெமில், ஃப்ரிட்ஸ் ஹாபரின் நிறுவனத்தில். லோட்டே அவமானப்பட்டுத் திரும்பிய உயிரியல் நிறுவனமும் அதே டாலெமில், அதே கைசர் வில்ஹெல்ம் குடையின் கீழ்தான் இருந்தது. ஹாபரும் யூதப் பிறப்புதான். அவரும் 1933இல் வெளியேற வேண்டியிருந்தது.

சோதனை நடந்த விதத்தை இன்றைய பாதுகாப்பு அலுவலர் யாராவது கேட்டால் மயங்கி விழுவார். மருந்தியல் துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில், திறந்த பாத்திரத்தில் அந்த எண்ணெயைச் சூடாக்கி, எழும் ஆவியில் ஈக்களை வைத்தார்கள். ஈக்களை எடுக்கக் கையை விட வேண்டும். லோட்டேயின் கைகள் மோசமாக வெந்துபோயின. இனி பட்டால் நிரந்தரச் சேதம் என்று மருத்துவர் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஈக்களின் பாடும் திண்டாட்டமே: அளவு கொஞ்சம் கூடினால் செத்துப்போகும், இல்லையென்றால் மலடாகும். சாகவும் கூடாது, சந்ததியும் வேண்டும், ஆனால் மரபணுவில் அடி பட்டிருக்க வேண்டும். அந்தப் பதத்தைப் பிடிப்பதற்கே நாள்கள் போயின.

சரி, அடி பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாயுவில் வைத்தெடுத்த ஆண் ஈ பார்ப்பதற்கு மற்ற ஈயைப் போலத்தான் இருக்கும். என் கருத்தில் இந்தக் கதையின் அழகே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முல்லர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தனி ஈ வகையை உருவாக்கி வைத்திருந்தார். சி-எல்-பி என்று அதற்குப் பெயர். இந்த வகைப் பெண் ஈயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று விசேஷமானது. அதில் மூன்று ஏற்பாடுகள்: பக்கத்துக் குரோமோசோமோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளாதபடி ஒரு தலைகீழ்த் திருப்பம், தனியாக நின்றால் உயிரைக் கொன்றுவிடும் ஒரு கொல்லி மரபணு, அந்தக் குரோமோசோம் எந்த ஈயிடம் இருக்கிறது என்று நாம் கண்டுகொள்வதற்காகக் கண்ணைக் குறுக்கிக் கோடுபோல ஆக்கும் ஓர் அடையாளம்.

வாயுவில் வைத்த ஆண் ஈயை இந்தப் பெண் ஈயோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் மகள்களில் கோட்டுக்கண் உள்ளவற்றை மட்டும் பொறுக்க வேண்டும். அப்படிப்பட்ட மகளிடம் அம்மாவின் விசேஷ எக்ஸ் ஒன்றும், வாயு பட்ட அப்பாவின் எக்ஸ் ஒன்றும் இருக்கும். இனி ஒவ்வொரு மகளையும் தனித்தனிக் குப்பியில் குடிவைத்து முட்டையிட விட வேண்டும். அவள் பெறும் மகன்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அவளிடமிருந்து வருவது. பாதி மகன்களுக்கு விசேஷ எக்ஸ் போகும். கொல்லி மரபணு அதில் இருப்பதால் அவை செத்துப்போகும். மீதிப் பாதிக்குப் போவது தாத்தாவின் எக்ஸ். வாயு அந்த எக்ஸில் உயிருக்கு அவசியமான ஒரு மரபணுவைக் கெடுத்திருந்தால் அந்தப் பாதியும் சாகும். ஆகவே, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குப்பியைப் பார்த்தால் ஆண் ஈயே இருக்காது. முழுக்கப் பெண் ஈக்கள். ஆண் இல்லாத குப்பி ஒன்றுக்குச் சடுதிமாற்றம் (மரபணுவில் நேரும் மாற்றம்) ஒன்று என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம், இரண்டு தலைமுறை தாண்டி, கண்ணுக்குத் தெரியும் ஓர் இன்மையாக வந்து நிற்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்டும் அகாரும் காய்ச்சி ஊற்றிய குப்பிகள், பஞ்சு அடைப்பு, உருப்பெருக்கி, ஓவியத் தூரிகை ஒன்று. ஈயின் ஆயுள் சுழற்சியும் நமக்குச் சாதகம்: 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும், ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், குரோமோசோம் நான்கே ஜோடி. வாழைப்பழத்தை மொய்க்கும் ஈ என்று நீங்கள் இளக்காரமாகக் கேட்டதற்கு இதுதான் பதில். இந்தக் கணக்கை எலியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனிதரில் போடவே முடியாது.

கருவிகள் எளியவை என்று சொன்னேனே தவிர, வேலை சுலபம் என்று சொல்லவில்லை. கல்லூரி நாள்களில் சிறிய அளவில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறேன். ஈத்தர் கொடுத்து மயக்கிய ஈக்கள் எண்ணி முடிப்பதற்குள் விழித்துக்கொண்டு பறக்கும். ஈத்தர் அதிகமானால் எழவே எழாது. பெண் ஈ கூட்டைவிட்டு வெளிவந்த சில மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்காவிட்டால் எந்த ஆணோடு சேர்ந்தது என்று தெரியாமல் எல்லாக் கணக்கும் பாழ். நாற்பது குப்பிக்கே எனக்குக் கண் பூத்துப்போனது. லோட்டே பார்த்தது ஆயிரக்கணக்கான குப்பிகள், போர்க்கால இருட்டடிப்பில், கைகளில் கட்டோடு.

1941ஆம் ஆண்டின் முதல் பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது. வாயு படாத ஈக்களின் சந்ததியில் ஆயிரம் குப்பிக்கு ஒன்றிரண்டில் ஆண்கள் இல்லாமல் போவது இயல்பு. வாயு பட்ட ஈக்களின் வழியில் அது பத்து மடங்கையும் தாண்டி எங்கோ போயிருந்தது. எக்ஸ் கதிரின் வீச்சோடு ஒப்பிடத்தக்க அளவு. அதற்குள் அமெரிக்கா திரும்பிவிட்டிருந்த முல்லருக்குச் செய்தி போனது. ஜூன் மாதம் அவரிடமிருந்து பாராட்டுத் தந்தி வந்தது; கோட்பாட்டிலும் நடைமுறையிலும் பெரிய களம் ஒன்றைத் திறந்துவிட்டீர்கள் என்ற கருத்துப்பட. தமக்குக் கிடைத்த எந்தப் பரிசையும்விட லோட்டே அந்தத் தந்தியைப் பெரிதாக நினைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆனால் வெளியே சொல்ல முடியவில்லை. கடுகு வாயு போர் ரகசியம். எதிரி வீசலாம், நாமும் வீசலாம் என்றிருந்த நாளில் அதைப் பற்றி ஒரு வரி அச்சேற அரசு விடாது. பல ஆண்டுகள் அந்தக் குறிப்பேடுகள் மூடியே கிடந்தன. 1944இல் இவரும் ராப்சனும் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். அதில் வந்தது போர் வாயு அல்ல. நிஜமான கடுகு எண்ணெயின் காரப்பொருளான அல்லைல் ஐசோதயோசயனேட். அதுவும் ஈயில் சடுதிமாற்றங்களை உண்டாக்குகிறது என்று காட்டியிருந்தார்கள். (தாளிப்பை நிறுத்திவிட வேண்டாம். ஈயை அந்த ஆவியில் அடைத்து வைப்பதும் ரசத்தில் அரை ஸ்பூன் கடுகு வெடிப்பதும் ஒன்றல்ல.) போர் முடிந்த பிறகு, 1946இல்தான் கடுகு வாயுவின் கதை அச்சில் வந்தது. அதே காலத்தில் மாஸ்கோவில் யோசிஃப் ராப்போபோர்ட் என்பவர், இவர்களுக்குத் தெரியாமல், ஃபார்மால்டிஹைடு பழ ஈயில் சடுதிமாற்றம் உண்டாக்குவதைக் கண்டிருந்தார். வேதிப்பொருளால் மரபணு மாறும் என்ற அறிவுக்கு ஆக இரண்டு பெற்றோர்; சோவியத் நாட்டில் அந்த இன்னொருவர், மரபியலையே மறுத்த லைசென்கோவின் ஆதிக்கத்தில் பட்ட பாடு தனிக்கதை.

இதற்குப் பிறகு பதவிகள் வரத் தொடங்கின. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: 1947இல் டி.எஸ்சி. என்ற உயர் முனைவர் பட்டமும் விரிவுரையாளர் வேலையும், 1957இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 1959இலிருந்து பத்தாண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சடுதிமாற்ற ஆய்வுப் பிரிவுக்கு இயக்குநர், 1967இல் பேராசிரியர், 1976இல் டார்வின் பதக்கம். பேராசிரியர் என்ற பெயர்ப்பலகை கிடைத்தபோது வயது 68 என்பதை மட்டும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். அந்தப் பலகையின் கீழ் இரண்டே ஆண்டுகள், பிறகு ஓய்வு.

பலரும் இவரைக் கடுகு வாயுவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கடுத்த வேலைதான் இன்னும் சுவையானது. எக்ஸ் கதிரும் கடுகு வாயுவும் ஒரே மாதிரி என்ற எண்ணத்தில் தொடங்கிய ஆய்வில், இரண்டும் ஒரே மாதிரி இல்லாத இடங்களை இவர் தேடித் தேடிப் பிடித்தார். கதிர் குரோமோசோமை உடைத்து இடம் மாற்றி ஒட்டிவிடும். கடுகு வாயுவில் அத்தகைய உடைசல் ஒப்பீட்டில் குறைவு. அதைவிட விசித்திரமானது தாமதம். வாயு பட்ட அப்பாவுக்குப் பிறந்த ஈயின் உடலில் பாதி மாறியும் பாதி மாறாமலும் இருக்கும். அதாவது விந்தணுவில் பட்ட அடி அங்கேயே மாற்றமாக முடிந்துவிடவில்லை. கருமுட்டை பிரியத் தொடங்கிய பிறகுதான் முடிவுக்கு வந்திருக்கிறது. சில சமயம் அதற்கும் பல செல் பிரிவுகள் தள்ளிப்போகும். சடுதிமாற்றம் என்ற சொல்லில் சடுதி இருக்கிறது. லோட்டே கண்டதில் சடுதி இல்லை. அது நொடியில் நடந்து முடியும் சம்பவமல்ல, பல படிகளில் நடக்கும் செயல், செல்லும் அதில் பங்கெடுக்கிறது என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1953இல் டி.என்.ஏ.யின் இரட்டை இழை தெரிந்த பிறகு, பாதி உடல் மாறுவதற்கு நல்ல விளக்கம் கிடைத்தது: இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் அடி விழுந்தால், நகலெடுக்கும்போது ஒரு மகவு செல் மாறும், மற்றது மாறாது. ஆனால் எல்லாமே வேதியியல்தான் என்று இளைஞர்கள் ஆர்ப்பரித்தபோது லோட்டே சேர்ந்துகொள்ளவில்லை. டி.என்.ஏ.யில் என்ன வினை நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் போதாது, அந்தச் சேதம் ஏன் சில செல்களில் மாற்றமாக வெளிப்படுகிறது, சிலவற்றில் ஏன் வெளிப்படுவதில்லை என்று கேட்டார். ஃபார்மால்டிஹைடை உணவில் கலந்து கொடுத்தால் ஆண் இளம்புழுக்களில் மட்டும் சடுதிமாற்றம் வருகிறது, பெண் புழுக்களில் வருவதில்லை. ஒரே பொருள், ஒரே இனம், ஏன் இந்தப் பேதம்? இப்படிக் கேட்டதற்காகப் பழங்காலத்து ஆள் என்று சிலர் நினைத்திருக்கலாம். செல் தன் டி.என்.ஏ.யைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோது அந்தக் கேள்விகள் சரியான கேள்விகள் என்பது விளங்கியது. ஈயோடு நிற்காமல் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையிலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்.

மனிதருக்கு என்ன பயன் என்றீர்கள். இரண்டு திசையில் சொல்லலாம். நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள், உடனடியாக எந்த நோயும் தராவிட்டாலும், சந்ததிக்குப் போகும் மரபணுவில் சேதம் செய்யலாம் என்பது இவருடைய குப்பிகளிலிருந்துதான் உறுதியாகத் தெரிந்தது. இன்று புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ சந்தைக்கு வருமுன் சடுதிமாற்றம் செய்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. மற்றது இதற்கு நேர் எதிர்த்திசை. பிரிந்து பெருகும் செல்களைத் தாக்கும் இந்தக் குணம் புற்றுநோய்க்கு எதிராகவும் திரும்பும். கடுகு வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்று நோயாளிக்குக் கொடுத்தார்கள். அதுவும் போர் ரகசியமாகவே நடந்தது. அது லோட்டேயின் வேலை அல்ல, தனி வழியில் வந்தது. ஆனால் அந்த மருந்து புற்றுச் செல்லில் எதைத் தாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய ஈக்கள் உதவின.

ஆளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணம் செய்துகொள்ளவில்லை. சட்டப்படித் தத்து எடுக்காமலே இரண்டு பையன்களைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். சார்லட் ஆஸ்டென் என்ற புனைபெயரில் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றும் எழுதியிருக்கிறார். அது 1947இல் வெளிவந்தது. போர் ரகசியம் நீங்கி ஆய்வுக் கட்டுரைகள் வரிசையாக வந்துகொண்டிருந்த அதே நேரம். அணுகுண்டுக்கு எதிரான இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். கதிர்வீச்சு அடுத்த தலைமுறையை என்ன செய்யும் என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி 1956இல் ஒரு சிறு நூலாக எழுதினார். தென்னாப்பிரிக்க நிறவெறியையும் எதிர்த்தார். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு இதெல்லாம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக இருந்திருக்காது. அவருடைய அறிமுக நூல்களைப் படித்தால் பள்ளி ஆசிரியை எட்டிப் பார்ப்பார்: படிப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே தெரிந்து, அங்கே போய் நின்றுகொண்டு எழுதுவது.

1994 மார்ச் 17 அன்று எடின்பரோவில் இறந்தபோது வயது 94. பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகத்தில் இப்போது ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கடுகு வாயுவை இன்று எந்த ஈ ஆய்வுக்கூடமும் தொடுவதில்லை. அதே வழியில், ஆல்கைல் தொகுதி என்ற சிறு வேதித் துணுக்கை டி.என்.ஏ.யில் ஒட்டவைக்கும் இ.எம்.எஸ். என்ற பொருளைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஆண் ஈக்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் வாசனை தெரியாத ஈக்களை உருவாக்கியது இதை வைத்துத்தான். நான் மேலே தள்ளிவைத்த நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும், முட்டையிலிருந்து உடல் எப்படி உருவாகிறது என்பதற்கான மரபணுக்களை ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களில் சல்லடைபோட்டுத் தேடியதும் இதை வைத்துத்தான். 1995 நோபல் அதற்குத்தான் கிடைத்தது, லோட்டே இறந்த மறு ஆண்டு. அந்தத் தேடல் நடந்த ஊர் ஹைடெல்பெர்க். 1924இல் இருபத்தைந்து வயது லோட்டே பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த ஊர்.